கமால் பாய் வளர்த்த பன்றிக்குட்டி

போன வியாழக்கிழமை காலை கமால் பாயின் மகள் போன் செய்தாள். "வாப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். விடியற்காலைத் தொழுகையை முடித்தவர், "அலுப்பா இருக்கும்மா, கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்திருக்கிறார். அதன் பிறகு எழவில்லை. "எப்பவும் சொல்றதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

நான் பஸ் பிடித்து நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பள்ளிவாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் எங்கள் கால்நடைத் துறையின் பழைய ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முட்டிவலி, சர்க்கரை. அதில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பாயைப் போலவே, "என்னத்த வேலை, என்னத்த சம்பளம்" என்று இழுத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

பாயைத் தெரிந்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த அலுப்புதான். சைக்கிளை எடுக்கும்போது அலுத்துக்கொள்வார். மாட்டுக் கொட்டகைக்குள் குனியும்போது அலுத்துக்கொள்வார். ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போதும் அதே அலுப்பு. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், "ஏன் பாய் எதுக்கெடுத்தாலும் சலிச்சுக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "சலிச்சுக்கக் கூடாதுன்னு ஆர்டர்ல போடலீங்களே சார்" என்றார். ஆனால் கூப்பிட்டு அவர் வராமல் போனார் என்று அந்த வட்டாரத்தில் ஒருவரும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கப்போகும் துறை நண்பர்களே, உங்களில் பலர் அவரைப் பிற்பாடு, வேறு ஊர்களில் அறிந்தவர்கள். அவர் எங்கள் ஊரிலிருந்து ஏன் மாற்றப்பட்டார் என்பதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அப்போது கழகம் ஆட்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரின் கால்நடை மருந்தகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் ஆய்வாளர், நான் கம்பவுண்டர். என் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை, கடைசிவரை "கம்பவுண்டரே"தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் கல்யாணமான புதிது. எனக்கு அதுவே சொந்த ஊர். நிலம் இருந்தது, அண்ணன் பார்த்துக்கொண்டார். பாய் வெளியூர்க்காரர். பள்ளிவாசல் தெருவில் ஹாஜியார் ஒருவருக்குச் சொந்தமான வீட்டில் மனைவி மெஹருன்னிசாவோடு வாடகைக்கு இருந்தார்.

அந்த நாட்களில் ஒவ்வொரு அறுவடையும் சண்டையோடுதான் வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் நிற்கும். கட்டுப்படியாகாது என்று மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். உள்ளூர் ஆட்கள் வயலில் உட்கார்ந்து மறிப்பார்கள். பிறகு போலீஸ் வேன் வரும். மேடையில் அரசாங்கம் ஏழைகளின் பக்கம் நின்று பேசியது. வேனில் ஏறியவர்கள் எப்போதும் காலனிக்காரர்களாகவே இருந்தார்கள்.

அதே அரசாங்கம்தான் காலனியில் சில குடும்பங்களுக்கு வெள்ளைச் சீமைப் பன்றிகளையும் கொடுத்திருந்தது. அவற்றைப் போய்ப் பார்ப்பது ஆய்வாளரின் வேலை. பாயிடம் அந்த வேலையைச் சொல்ல டாக்டருக்கே சங்கடமாக இருந்தது. வேறு ஆளைக் கேட்டு எழுதட்டுமா என்றார். "மாட்டுக்கு ஒரு ஆளு, பன்னிக்கு ஒரு ஆளுன்னு கவர்மெண்டு போடுமா சார்? நானே போய்த் தொலைக்கிறேன்" என்று பாய் சைக்கிளை எடுத்தார். பன்றியைத் தொட்டால், அவர்கள் மார்க்க முறைப்படி, தொட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். காலனிக்குப் போய்விட்டு வரும் நாட்களில் மருந்தகத்துக் கிணற்றடியில் அவர் நின்று கழுவிக்கொண்டே இருப்பார். ஒரு தடவையைக்கூடக் குறைக்க மாட்டார்.

காலனியில் பன்றி கிடைத்தவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகளையும் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். சங்கத்தில் முன்னால் நிற்கிறவள் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவளுடைய பன்றி நிறைசினையாக இருந்தது.

அந்தத் தை மாதம் சம்பா அறுப்பை மறித்ததற்காகக் காலனிக்குள் போலீஸ் வந்த காலையில், நானும் பாயும் அந்தப் பன்றியைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். வாய்க்கால் பாலத்தருகே வேன் நின்றிருந்தது. ஆண்களில் பாதிப்பேர் தாழங்காட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை படியில் கால் வைத்தவள் எங்களைப் பார்த்துவிட்டாள்.

"பாய், ராத்திரி குட்டி போட்டிருக்கு பாய். தாயி எந்திரிக்கல. பாத்துக்குங்க."

"ஏறும்மா" என்று ஒரு போலீஸ்காரர் அவள் தோளைத் தள்ளினார். கதவு சாத்தப்பட்டது. பாய் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. வேன் கிளப்பிய புழுதி அடங்கும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

கொட்டிலில் பன்றி பக்கவாட்டில் கிடந்தது. தொட்டால் கை சுடும் காய்ச்சல். பனியில் விறைத்தும், தாயின் உடம்புக்கடியில் நசுங்கியும் குட்டிகள் செத்துக் கிடந்தன. அவற்றை எடுத்து ஒதுக்கும்போது ஒன்றின் வாய் லேசாகத் திறந்து மூடியது. என் கையகலம்கூட இல்லை. பாய் அதை எடுத்துத் தன் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "ஏழு தடவைக்கு எழுபது தடவை கழுவ வேண்டியதுதான், வேற என்ன செய்யிறது" என்று முணுமுணுத்தார். பன்றிக்குப் பென்சிலின் போட்டோம். பாய் மண்டியிட்டு அதன் மடியைப் பீச்சி, கொட்டாங்கச்சியில் ஒரு வாய் சீம்பால் சேர்த்து, விரலால் தொட்டுத் தொட்டுக் குட்டியின் நாக்கில் வைத்தார். முதல் சீம்பால் போகாவிட்டால் எந்தக் குட்டியும் தேறாது. மதியத்துக்குள் தாய்ப்பன்றி செத்துப்போனது. காலனியில் எஞ்சியிருந்த இரண்டு கிழவர்களும் நாங்களுமாக வாய்க்கால் மேட்டில் அதைப் புதைத்தோம்.

குட்டியை எங்கே வைப்பது என்பது அப்புறம்தான் உறைத்தது. காலனியில் பார்க்க ஆள் இல்லை. மருந்தகத்தில் வைக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. மாடு கொண்டுவருகிற மிராசுதார்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். எங்கள் வீட்டில் அண்ணன் இருந்தார், அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. பாய் ஒரு மருந்துப் பெட்டியில் வைக்கோலைப் போட்டு, குட்டியை உள்ளே வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டினார்.

"எங்க பாய் கொண்டு போறீங்க?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க போவேன்?"

"வீட்ல என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவா. வைவா."

மெஹருன்னிசா வையவில்லை. பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கொல்லைக் கதவைக் காட்டி, "அந்தப் பக்கம். இந்தப் படிய தாண்டி வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். பிறகு கணவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் தான் வளர்த்த வெள்ளாட்டைக் கறந்து, பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் படியின் மேல் வைத்துவிடுவார். வைத்துவிட்டுப் பாத்திரத்தின் விளிம்பைக் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தம்தான் கூப்பிடுகிற குரல்.

பிறந்த பன்றிக்குட்டியை மனிதர் வளர்ப்பது எவ்வளவு சள்ளை என்பது துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குச் சூடு நிற்காது. கண்ணாடிப் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றி, இரண்டு பக்கமும் அணைத்து வைக்க வேண்டும். ஆறுவதற்குள் மாற்ற வேண்டும். பால் ஒரேயடியாகக் கொடுத்தால் செரிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாய் ஒரு மருந்துக்குப்பியின் மூடியில் ஓட்டை போட்டு, சைக்கிள் வால்வ் டியூபைச் செருகியிருந்தார். குட்டி அதைச் சப்பப் பழகுவதற்குள் பாதிப் பால் மூக்கில் ஏறி அது தும்மியது. இரத்தம் ஊற அன்னபேதிக் கரைசலை நாக்கில் தடவினார். ஒவ்வொரு தடவை கொடுத்த பின்னும் குட்டியைத் தொடும்போது மட்டும் போட்டுக்கொள்ள முருங்கை மரத்தில் தொங்கவிட்டிருந்த பழைய காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏழு தடவை கழுவுவார். தைப் பனி, கிணற்றுத் தண்ணீர். விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தது. மருந்தகத்தில் மத்தியானம் கையெழுத்துப் போடும்போதே தலை சாயும்.

"கம்பவுண்டரே, இது செத்துத் தொலைஞ்சா எனக்கு நிம்மதி" என்று ஒருநாள் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். அதற்கு மறுநாள் குட்டிக்கு வெள்ளையாகக் கழிச்சல் கண்டது. கால் நாலும் பரப்பிக்கொண்டு, தோல் சுருங்கி, ஒரு கிழிந்த கைத்துணி போலக் கிடந்தது. நான் போனபோது பாய் கொல்லையில் சப்பணமிட்டு அதை மடியில் போட்டுக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் போட்ட கொதிநீரை ஆற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். சல்பா மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தும் நிற்கவில்லை. படியில் பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அது பால் வைக்கிற நேரமில்லை. மாதுளை ஓட்டைக் காய்ச்சிய கஷாயம். "பச்சப் புள்ளைக்கு எங்க ஊர்ல இதான் குடுப்பாங்க" என்று மெஹருன்னிசா என்னைப் பார்த்துச் சொன்னார். கணவரோடுதான் பேச்சில்லையே. சாயங்காலம் கழிச்சல் மட்டுப்பட்டது. குட்டி குப்பியைத் தேடி மூக்கை அசைத்தது. "விடுதா பாருங்க, சனியன்" என்றார் பாய். அவர் கண்கள் சிவந்திருந்தன; தூக்கமில்லாததாலா என்று எனக்குத் தெரியாது.

தெருவில் விஷயம் பரவ அதிக நாள் ஆகவில்லை. ஹாஜியார் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார். கோபக்காரர் அல்ல. கைத்தடியை ஊன்றி வாசலிலேயே நின்றார்.

"கமாலு, கொல்லைல என்னமோ வச்சிருக்கியாமே?"

"ஆமாங்க மாமா."

"ஹராமான வஸ்துவாச்சேப்பா."

"திங்கிறதுக்கு வளக்கலீங்க மாமா. உத்தியோகம்."

"உத்தியோகத்த ஆபீசோட வச்சுக்கக் கூடாதா?"

"அங்க வைக்க விடலீங்க."

ஹாஜியார் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எத்தன நாளைக்கு?"

"அந்தம்மா ஜெயில்லேர்ந்து வர்ற வரைக்கும்."

"அது எப்போ?"

"அது எனக்கும் தெரியலீங்க."

"எங்கிட்ட நாலு பேரு கேக்குறாங்க கமாலு. எனக்குப் பதில் சொல்ல வாயில்ல. அந்தக் குட்டி போனதும் நீயும் வேற வீடு பாத்துக்க" என்றார். "சரிங்க மாமா" என்றார் பாய். இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். இதைச் சிலர், ஹாஜியார் குட்டிக்குப் பால் அனுப்பினார் என்றெல்லாம் மாற்றிச் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னார், அதுவும் மரியாதையாகச் சொன்னார். அவ்வளவுதான்.

மெஹருன்னிசாவைத்தான் தெருப் பெண்கள் அதிகம் படுத்தினார்கள். யாரோ ஒரு கடைக்காரர் மனைவி வாசலில் நின்று சாடையாகப் பேசியபோது அவர் திருப்பிக் கேட்டதை என் மனைவி வந்து சொன்னாள்: "ஒங்க வீட்டு ஆம்பள கடையில தராசுல என்ன பண்றாருன்னு நான் வந்து எட்டிப் பாத்தேனா? எங்க வீட்டு ஆம்பள கொல்லைல என்ன பண்ணுனா ஒங்களுக்கென்ன?" அன்றைக்குத்தான் அவர் பாயோடு மறுபடி பேசத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் சண்டை வந்தது. அண்ணன் மிராசுதார் சங்கத்தில் இருந்தார். பெரிய பண்ணை ஒன்றும் எங்களுக்கு இல்லை. ஆனால் இருப்பவனைவிட இருக்கிறது என்று நினைப்பவனுக்குத்தான் பயம் அதிகம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தார்.

"நெல்லு முத்தி வயல்ல கொட்டிக்கிட்டிருக்கு. அறுக்க விடாம மறிச்சவளோட பன்னிக்கு ஒங்க ஆஸ்பத்திரி மருந்தாடா?"

"மருந்து பன்னிக்குத்தாண்ணே. சங்கத்துக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒங்க பாய்கிட்ட சொல்லி வை."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க."

அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். எங்களுக்குள் பேச்சு குறைந்தது அன்றிலிருந்துதான்.

மாசி தொடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அறுவடைக் காலத்தில் யாரும் கேட்காத மழை. வெளியூர் ஆட்கள் லாரியேறிப் போய்விட்டார்கள், உள்ளூர் ஆட்கள் பாதிப்பேர் ஜெயிலில். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்து முளைத்தது. கூலி கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, தர மறுத்தவர்களுக்கும் மிஞ்சவில்லை. மழை வலுத்த ஒரு பிற்பகல் பாயின் வீட்டுக் கொல்லைக் கீற்றுக்கொட்டகை பிய்ந்துபோனது. பாய் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி முருங்கை மரத்தடியில் நின்றிருந்தார். நான் குடையோடு ஓடினேன். குடை திரும்பிக்கொண்டது. கொல்லைக் கதவு திறந்தது.

"அங்கயே நின்னு ஜன்னி வந்து சாவப் போறீங்களா?" என்று மெஹருன்னிசா கத்தினார். "எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

"படிய தாண்டக் கூடாதுன்ன."

"நான் சொன்னத நான் மாத்தக் கூடாதா? தாவாரத்துல வைங்க. அடுப்படிக்கு வேணாம்."

முற்றத்தைச் சுற்றிய தாவாரத்தில் பெட்டியை வைத்தோம். குட்டி அதற்குள் நன்றாக உருண்டு திரண்டிருந்தது. பெட்டியிலிருந்து குதித்து, ஈரக் குளம்புகள் வழுக்க, அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மெஹருன்னிசாவின் எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஆனால் சிரித்துவிட்டார். மழை விட்டதும் தாவாரம் முழுவதையும் ஏழு தடவை கழுவினார்கள், கணவனும் மனைவியுமாக, மண் கரைத்தும் கரைக்காமலும். "அலுப்பா இருக்கு மெஹரு" என்று பாய் சொல்லிக்கொண்டே தண்ணீரைத் தள்ளியதும், "இருக்கட்டும், அந்த மூலையில ஊத்துங்க" என்று அவர் சொன்னதும் இப்போதும் காதில் கேட்கிறது.

வழக்கில் ஜாமீன் கிடைத்து அஞ்சலை வந்தது அதற்கும் சில வாரங்கள் கழித்து. காலனிக்குப் போகும் முன்பே, பஸ்ஸை விட்டு இறங்கி மருந்தகத்துக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, தலைமயிர் சிக்குப் பிடித்திருந்தது. நான்தான் அவளை அழைத்துக்கொண்டு பாய் வீட்டுச் சந்து வழியாகப் போனேன். குட்டி பாயின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளை அதற்கு அடையாளம் தெரிய நியாயமில்லை. அஞ்சலை அதைப் பின்னங்கால்களைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிப் பார்த்தாள். அது ஊரைக் கூட்டியது. "பொட்டதான்" என்றாள். அடிவயிற்றைத் தடவிக் காம்புகளைப் பார்த்தாள். "தேறிடிச்சு."

பிறகு கேட்டாள்: "தாயி?"

"அன்னிக்கே போயிடிச்சு. வாய்க்கா மேட்டுல பொதச்சோம்" என்றார் பாய்.

அஞ்சலை குட்டியைக் கீழே விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வேனில் ஏறும்போது அழாதவள், வரும் வழியில் ஜெயிலில் அடி வாங்கியதைச் சொன்னபோதும் அழாதவள், அந்தப் பன்றிக்காக அழுதாள். அல்லது எல்லாவற்றையும் சேர்த்து அழுதாளோ என்னவோ. மெஹருன்னிசா படியில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அஞ்சலை சொன்னாள்: "ஒங்களுக்கு வீடு போச்சாமே பாய். பஸ்ஸுலயே சொன்னாங்க. நான் ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போனேன். நீங்க பேசாம விட்டிருக்கலாம்."

"சொல்லிட்டுப் போயிட்டீங்க" என்றார் பாய். "நான் என்ன பண்ணுவேன்?"

அவள் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். சந்து வழியாகப் போவாள் என்று நினைத்தேன். நேராகப் பள்ளிவாசல் தெருவிலேயே இறங்கி நடந்தாள். குட்டி வழிநெடுகக் கத்தியது. வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள்.

அடுத்த மாதமே பாய்க்கு மாறுதல் உத்தரவு வந்தது. அரசாங்க மருந்தையும் நேரத்தையும் கலகக்காரர்களுக்குச் செலவிட்டார் என்று மேலிடத்துக்கு மனு போயிருந்தது. அதில் போட்டிருந்த கையெழுத்துகளில் ஒன்று என் அண்ணனுடையது. ராமநாதபுரம் பக்கம், தண்ணீருக்கே வண்டி கட்டுகிற ஊருக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பு அவருடைய பணிக்கோப்பில் இருந்துகொண்டு பதவி உயர்வைப் பல வருடம் தள்ளிப்போட்டது. வண்டியில் சாமான் ஏற்றும்போது, "அண்ணன் செஞ்சதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல பாய்" என்றேன். "ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த ஆட்டுக் கயித்தப் பிடிங்க" என்றார்.

அடுத்த வருடம் அஞ்சலை மருந்தகத்துக்கு வந்தாள். அந்தக் குட்டி வளர்ந்து ஈன்றிருந்தது. எல்லாம் பிழைத்திருந்தன. பாயிடம் சொல்ல வந்தவளிடம் அவர் போய்விட்டதைச் சொன்னேன். வெகுநேரம் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்தா, திட்டிக்கிட்டே வந்து பாத்திருப்பாரு" என்றாள். பிற்பாடு வழக்குச் செலவுக்காக ஒவ்வொன்றாக விற்றுவிட்டாள். பாய்க்கு அதை எழுதினேன். "விக்கத்தானே வளக்குறது" என்று பதில் வந்தது.

நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கதை எப்படியோ வெளியே பரவி, மத நல்லிணக்கத்துக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று ஒரு சங்கத்தார் வந்தார்கள். ஓய்வுக்குப் பின் பாய் குடியேறியிருந்த நாகப்பட்டினத்துக்கு நான்தான் அவர்களை அழைத்துப் போனேன். பாய் மறுத்துவிட்டார். "நல்லிணக்கத்துக்காக நான் எதுவும் வளக்கலீங்க. ஒரு அம்மா சொல்லிட்டுப் போச்சு, தட்ட முடியல. எனக்கு அது பிடிக்கவும் இல்ல. ஒவ்வொரு நாளும் எப்ப முடியும்னுதான் இருந்தேன். இதுக்குப் போயி பொன்னாட போத்துனா எனக்குச் சிரிப்பு வந்துடும்." வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நாலு வருடங்களுக்கு முன் என் அண்ணன் பக்கவாதத்தில் படுத்தார். அவர் பிள்ளைகள் துபாயில். என்னிடம்தான் கொண்டுவந்து விட்டார்கள். எங்களுக்குள் பெரிய பாசம் கிடையாது என்பதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பாய் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். நான் அண்ணனுக்கு வேட்டி மாற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து கால்பக்கம் பிடித்தார். அண்ணன் அவரைக் கூர்ந்து பார்த்தார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரியும்.

"கமால் பாயா?"

"ஆமாங்க."

"அன்னிக்கி அந்த மனு... மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க பாய்."

"வச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றார் பாய். "அதுக்கென்ன இப்போ. இந்தப் பக்கம் சாயுங்க. முதுகு புண்ணாயிருக்கு, மருந்து போடணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "கனமா இருக்காரு கம்பவுண்டரே ஒங்க அண்ணன். என்னால முடியல" என்று சொல்லிக்கொண்டே, மருந்து காயும்வரை அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் சுவரைப் பார்த்து அழுதார். பாய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். மலர்ந்த முகத்தோடு செய்ய என்னால் ஆகாது. மன்னித்துவிட்டுச் செய்யவும் ஆகாது. இரண்டும் இல்லாமலும் செய்யலாம் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் அண்ணனைப் புரட்டிப் போடும்போது சத்தமாகவே அலுத்துக்கொண்டேன். "இவ்வளவு அலுத்துக்கிட்டு ஏண்டா செய்யிற?" என்று கேட்டார்.

"அலுப்பா இருக்கு, அதான் அலுத்துக்கிறேன்" என்றேன். "கைய என் கழுத்துல போட்டுக்குங்க."